மழைக்காலத்தில் போலி இரைகளைப் பழுதின்றிச் சேமித்தல்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மீன்பிடித்தல் கடற்கரை வாசிகளுக்கு மாத்திரம் உரிய காரியமன்று. சிதறால், குழித்துறை, மார்த்தாண்டம் முதலிய உள்நாட்டு ஊர்களிலும், வயல்வேலையும் தோட்டவேலையும் முடிந்த மாலை வேளைகளில் குடியானவர்கள் தூண்டிலோடு குளக்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் செல்லுவதைக் காணலாம். குழித்துறைத் தாமிரபரணி, அதன் கிளைக் கால்வாய்கள், ஊர்தோறும் உள்ள குளங்கள் ஆகிய இவற்றில் விரால், கெண்டை, கெளுத்தி, ஜிலேபி ஆகிய மீன்கள் கிடைக்கின்றன. குடும்பத்தின் ஆகாரத்துக்கு இவை நல்ல துணை.

முன்னாளில் தூண்டிலில் கோர்ப்பதற்கு மண்புழுவும் சிறு தவளையும் போதுமானவையாயிருந்தன. இந்நாளிலோ வாலிபர்கள் பலர் கடைகளில் விற்கும் போலி இரைகளை வாங்கி உபயோகிக்கிறார்கள். நல்ல போலி இரை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது. இவ்விதம் பொருள் செலவிட்டு வாங்கிய சாமானை மழை தொடங்கியதும் ஈரத்தோடு ஒரு டப்பாவில் திணித்து மூடிவிட்டு, மழை நின்றபின் திறந்து பார்க்கையில், முட்கள் துருவேறியும், மெதுவான இரைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியும், இறகுகள் பூச்சியரித்தும் கிடப்பது சாதாரண அனுபவம். இந்த நஷ்டம் முழுவதும் தவிர்க்கக்கூடியதே. அதற்குரிய முறைகளை இங்கே கிரமமாக எடுத்துக் கூறுவோம்.

போலி இரை என்பது யாது

உயிருள்ள இரையைப்போல் தோற்றமும் அசைவும் கொண்டு, மீனை ஏமாற்றிக் கவ்வச் செய்யும் பொருளே போலி இரையாகும். இது புதிய கண்டுபிடிப்பு அன்று. கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஈலியன் என்னும் ரோமானிய ஆசிரியர், மாசிடோனியா நாட்டு மக்கள் சிவந்த கம்பளி நூலைத் தூண்டில் முள்ளில் சுற்றி, சேவல் இறகுகளைச் சேர்த்துக் கட்டி, ஈயைப்போல் செய்து மீன்பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். 1936-ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து மீனவரான லௌரி ரபாலா என்பவர் தக்கையைச் செதுக்கிச் சிறு மீனுருவாக்கி, சாக்லேட் சுற்றிய மெல்லிய தகட்டை அதன்மேல் ஒட்டி, பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கிப் பூசித் தம் முதல் இரையைச் செய்தார். 1949-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிக் கிரீம் என்பவர் மெதுவான பிளாஸ்டிக்கால் மண்புழு செய்தார். இன்று நம் கடைகளில் தொங்கும் ரப்பர்ப் புழு, தவளை, பளபளக்கும் மீன் முதலியவையெல்லாம் இந்த வழிகளில் வந்தவையே.

இந்த வரலாற்றிலிருந்து அறியவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கம்பளி, இறகு, மரம், தக்கை, வர்ணம், ஈயம், எஃகு, ரப்பர், பிளாஸ்டிக் எனப் பல வஸ்துக்கள் ஒரே டப்பாவில் கூடுகின்றன. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும். ஒன்றைக் காக்கும் மருந்து மற்றொன்றைக் கெடுக்கவும் கூடும்.

குளிர்நாட்டு முறை நமக்குப் பொருந்தாமை

போலி இரைகளைச் சேமிப்பதுபற்றி வெளிவந்துள்ள குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவை. அந்நாடுகளில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடுகின்றன. சாமான்களைப் பெட்டியிலிட்டு, கணப்பு எரியும் வீட்டுக்குள் வைத்துவிட்டு, வசந்தகாலத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். கணப்பினால் வீட்டின் உட்காற்று நன்றாக உலர்ந்திருக்கும். ஆதலால் பெட்டியை மூடிவைத்து மறந்துவிட்டாலும் பெருங்கேடு விளைவதில்லை.

நமக்குத் தூண்டிலைக் கட்டிவைக்கும் காலம் குளிர்காலமன்று, மழைக்காலம். குமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுகிறது. இடவ மாதம் தொடங்கிக் கார்த்திகை முடியுமட்டும் காற்றில் ஈரம் மிகுதி. அதனோடு வெப்பமும் சேர்ந்திருக்கிறது. காற்றின் ஈரம் நூற்றுக்கு 60 பங்கைத் தாண்டினால் எஃகு விரைவாகத் துருப்பிடிக்கும். இன்னும் சற்று ஏறினால் பூஞ்சணம் படரும். நம் மழைக்காலத்தில் இவ்வளவைத் தாண்டாத நாள் அரிது.

ஆகவே நாம் மனத்தில் கொள்ளவேண்டிய பிரதானமான விதி இதுவே: முதலில் உலர்த்துக, பின்னரே மூடுக. காற்றுப் புகாத டப்பா வெளியிலுள்ள ஈரத்தை உள்ளே விடாது. அதுபோலவே உள்ளே அகப்பட்ட ஈரத்தை வெளியே விடவும் செய்யாது. ஈரமான இரையை இறுக மூடிய டப்பாவில் வைப்பதைவிட, திறந்த கூடையில் போட்டுவைப்பதே மேல்.

இவ்விதி குடியானவர்களுக்குப் புதியதன்று. விதைநெல்லைப் பல்லில் கடித்தால் நறுக்கென்று ஒடியுமட்டும் காயவைத்த பின்னரே பத்தாயத்தில் இடுகிறோம். அரைகுறையாய்க் காய்ந்த கொப்பரையை மூட்டையில் கட்டினால் பூஞ்சணம் பூத்து விலை இழக்கிறது. ரப்பர் ஷீட்டைச் சரியாக உலர்த்தாது அடுக்கினாலும் அதே கதி. நெல்லுக்கும் கொப்பரைக்கும் ஷீட்டுக்கும் காட்டும் ஜாக்கிரதையைத் தூண்டில் சாமான்களுக்கும் காட்டுதல் வேண்டும்.

கழுவுதலும் உலர்த்துதலும்

மழை வலுக்குமுன் வெயிலடிக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்க. டப்பாக்களிலுள்ள எல்லாவற்றையும் ஒரு பழைய முறத்தில் கொட்டி, முட்கள் கையில் தைக்காதபடி ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பிள்ளைகளும் ஆடு மாடு கோழிகளும் அவ்விடத்தை நெருங்கலாகாது.

தேங்காப்பட்டணம் முகத்துவாரம் போன்ற உப்புநீரில் உபயோகித்த சாமான்களை நல்ல தண்ணீரில் ஒரு நாழிகை ஊறவைத்து, பின் வேறு தண்ணீரில் அலசவேண்டும். உப்புத் துகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்மேல் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. உப்பு ஒட்டியிருக்கும் முள் உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உலர்ந்ததாகாது. குளத்து நீரில் உபயோகித்தவற்றுக்குச் சேறும் பாசியும் போகும்படி மெதுவான தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும்.

கழுவியபின் துணியால் ஒற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் இரண்டு நாள் உலர்த்துக. கொடும் வெயிலில் வைத்தால் வர்ணம் வெடிக்கும், மெதுவான பிளாஸ்டிக் இளகும், ரப்பர் பிசுபிசுக்கும். மழை மூட்டமாயிருந்தால் மின்விசிறியின்கீழ் வைக்கலாம். அடுப்பின்மேல் தொங்கவிடுதல் தவறு.

விரால் பிடிப்பவர்கள் உபயோகிக்கும் தவளைப் போலியைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். அதன் உடல் உள்ளே குழிவானது. முள்ளின் தண்டு நுழையும் இடுக்கின் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து தங்குகிறது. வெளியே நன்றாக உலர்ந்து காணப்பட்ட தவளை, உள்ளே சிறங்கையளவு நீரோடு டப்பாவுக்குள் போகும். முள்ளின் தண்டும் உள்ளிருக்கும் எடைக் குண்டும் கண்ணுக்குத் தெரியாமலே துருப்பிடிக்கும். ஆகையால் தவளையை மெல்லப் பலமுறை அமுக்கி நீரைப் பிழிந்துவிட்டு, துளை கீழ்நோக்கும்படி ஒரு கயிற்றில் தொங்கவிட வேண்டும். மறுநாளும் ஒருமுறை அமுக்கிப் பார்க்க. சொட்டு நீர் வந்தால் இன்னும் ஒரு நாள் தொங்கட்டும். டப்பாவில் வைக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று நசுங்காதபடி தனித்தனியே வைக்கவேண்டும். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த உடல் அந்த வடிவத்தையே கொண்டுவிடும். அப்படிக் கோணியதைக் கைபொறுக்கும் வெந்நீரில் சிறிது நேரம் இட்டு, கையால் சரிப்படுத்தி, குளிர்ந்த நீரில் போட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும்.

இனம் பிரித்து வைத்தல்

உலர்ந்த சாமான்களை அவற்றின் உருவத்தைப் பார்த்தன்றி, அவை செய்யப்பட்ட வஸ்துவைப் பார்த்து இனம் பிரிக்க வேண்டும்.

மெதுவான பிளாஸ்டிக்: ரப்பர்ப் புழு என்று கடையில் சொல்லப்படுவது பெரும்பாலும் ரப்பரன்று. பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக்கை ஒருவகை எண்ணெயோடு கலந்து காய்ச்சி அச்சில் வார்த்தது. அந்த எண்ணெயே அதற்கு மென்மையைத் தருகிறது. அது எக்காலத்தும் முழுவதும் அடங்கியிருப்பதில்லை. சிறிது சிறிதாக வெளியே கசிந்து, பக்கத்திலுள்ள வேறு பிளாஸ்டிக்கினுள் ஏறி அதை இளக்கிவிடும். இதனாலேயே கண்ணாடிபோல் தெளிந்த சில டப்பாக்களின் அடிப்புறம் உருகினாற்போல் ஆகிறது. கடினப் பிளாஸ்டிக் மீன்களின் வர்ணமும் கூழாகிறது. மிகவும் நீண்டு இழுபடும் வேறொரு வகை மெதுவான இரையும் உண்டு. அதையும் இதையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் உருகிச் சேர்ந்துவிடும்.

ஆகையால் மெதுவான இரைகளை அவை விற்கப்பட்ட பையிலேயே வைத்தல் உத்தமம். பை கிழிந்திருந்தால் பாலிதீன் பையில் இடலாம். டப்பா வாங்குவோர் அதன் அடியிலுள்ள முக்கோணக் குறியைப் பார்க்கவேண்டும். 2, 4, 5 என்ற எண்கள் பாலிதீன், பாலிபுரொப்பிலீன் வகைகளைக் குறிக்கும். இவை பத்திரமானவை. 6 என்ற எண்ணுள்ள பாலிஸ்டைரீன் டப்பா ஆகாது. குறி இல்லாவிட்டால், கெட்டாலும் பாதகமில்லாத ஒரு புழுவைப் பத்து நாள் அதில் வைத்துப் பார்த்து, அடிப்புறம் பிசுபிசுத்தால் அந்த டப்பாவை விலக்குக. கறுப்பு, சிவப்பு முதலிய கடும் நிறப் புழுக்களை வெளிர் நிறத்தவற்றோடு சேர்த்தலாகாது. நிறம் ஏறிவிடும். முள்ளோடு கோர்த்தபடியும் வைக்கலாகாது. வாசனை நீரில் ஊறவைத்து விற்கப்படும் இரைகள் இவ்விதிக்கு விலக்கு. அவை உலர்ந்தால் சுருங்கிக் கல்லாகிவிடும். அவற்றை அந்த நீரோடேயே இறுக மூடித் தனியே வைக்கவேண்டும்.

ரப்பர்க் குஞ்சம்: சில இரைகளின் கழுத்தில் உண்மையான ரப்பர் இழைகளாலாகிய குஞ்சம் இருக்கும். ரப்பருக்கு எண்ணெயும், சூரிய வெளிச்சமும், செம்பும் சத்துருக்கள் என்பது ரப்பர்த் தோட்டமுடையார் அறிந்ததே. பாலில் செம்பு சேர்ந்தால் ஷீட் பிசுபிசுத்துக் கெடுவதுபோல், செம்பு பித்தளைத் தகடுகளோடு சேர்ந்து கிடக்கும் குஞ்சமும் கெடும். குஞ்சத்தின்மேல் முகத்துக்கிடும் டால்க் பவுடரைச் சிறிது தூவி, இருட்டான டப்பாவில் வைத்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளா.

மரமும் கடினப் பிளாஸ்டிக்கும்: மர மீன்களில் வர்ணம் வெடித்த இடத்தில் நீர் புகுந்து மரம் ஊதும். ஊதிய மரம் வர்ணத்தை மேலும் வெடிக்கச் செய்யும். இவற்றை ஒரு வாரம் நிழலில் மெல்ல உலர்த்தி, வெடிப்புகளில் வார்னிஷ் தடவி, அது இறுகிய பின்னரே வைக்கவேண்டும். குவித்து வைத்தால் ஒன்றின் முள் மற்றொன்றின் வர்ணத்தைக் கீறும். அறை அறையாகப் பிரித்த பெட்டியே தக்கது.

முள்ளும் உலோகத் தகடும்: துருவேறிய முள்ளைத் தேய்த்து மினுக்குவதில் பயன் இல்லை. மேற்பூச்சு போன முள் மறுபடியும் துருப்பிடிக்கும், பெரிய மீன் இழுக்கையில் ஒடியும். அதை மாற்றிவிடுவதே சிக்கனம். நல்ல முட்களுக்குத் தையல் இயந்திர எண்ணெயை ஒரு துணியில் தொட்டு, மிக மெல்லியதாகத் தடவலாம். அந்த எண்ணெய் ரப்பரிலும் மெதுவான பிளாஸ்டிக்கிலும் படலாகாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டு நாற்றமெடுக்குமாதலால் அதை இதற்கு உபயோகிக்க வேண்டாம். பித்தளைத் தகடும் எஃகு முள்ளும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் எஃகு விரைவாக அரிக்கப்படும். கழற்றக்கூடியவற்றைக் கழற்றி வைப்பது நலம்.

ஈயக் குண்டு: ஈயத்தின்மேல் வெண்மையான பொடி படர்ந்திருப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். புளித்த ஆவி படும் இடத்தில் இது அதிகமாகும். சில மரப் பெட்டிகளிலிருந்தும் இத்தகைய ஆவி எழுவதுண்டு. ஈயமும் அதன் பொடியும் நஞ்சாகும். குழந்தைகளுக்குச் சொற்ப அளவும் தீங்கு செய்யும். ஆகையால் ஈயக் குண்டுகளைத் தனிப் பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு மூடி, தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுக. அவற்றைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

இறகும் மயிரும்: இவற்றுக்கு ஈரத்தோடு பூச்சியும் பகை. உலர்ந்த வேப்பிலை இடுவது நம் வழக்கம். அது பூச்சியை ஓரளவு விலக்கலாமேயன்றி, முன்னரே இட்ட முட்டைகளைக் கொல்லாது. குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறை உள்ளவர்கள், நன்றாக உலர்ந்த இறகு இரைகளைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு வாரம் அதில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்தபின் பை சாதாரண வெப்பத்துக்கு வருமட்டும் அதைத் திறக்கலாகாது. திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த இறகின்மேல் நீராகப் படியும். பாச்சை உருண்டை என்னும் நாப்தலீனை உபயோகிக்க வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே அபாயம்.

ஈரம் உறிஞ்சும் பொருள்கள்

எவ்வளவு உலர்த்தினாலும் மூடும்போது டப்பாவுக்குள் இருக்கும் காற்றில் ஈரம் உண்டு. அதை உறிஞ்ச ஏதேனும் ஒரு பொருளை உடன் வைக்கவேண்டும். மருந்துப் புட்டிகளிலும் புதிய செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டணங்களை எறியாமல் சேர்த்து வைத்தால் இதற்கு உதவும். ஆனால் நாள்பட வெளியே கிடந்த பொட்டணம் ஏற்கெனவே ஈரம் நிறைந்ததாயிருக்கும். அதை நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்த பின்னரே இடவேண்டும். தனி மணிகளாக வாங்கியதை, சமையலுக்கு உபயோகியாத சட்டியில் சிறு தீயில் வறுத்து ஆறவைத்தால் மறுபடியும் வேலை செய்யும். நீலமாயிருந்து ஈரத்தால் சிவக்கும் மணிகளில் நச்சு உப்பு சேர்ந்திருப்பதால் அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளாதிருத்தல் நலம்.

சிலிக்கா ஜெல் கிடைக்காதவர்கள் ஒரு பிடி அரிசியைப் பொரியாத பதத்தில் வறுத்து, ஆறியதும் துணியில் முடிந்து வைக்கலாம். இதன் சக்தி குறைவு. ஆதலால் பதினைந்து நாளுக்கொருமுறை மாற்றவேண்டும். உப்பை ஒருபோதும் இடலாகாது. நீற்றாத சுண்ணாம்பு ஈரத்தை நன்றாக இழுக்கும். ஆயினும் நீர் பட்டால் கொதிப்பதாலும், கண்ணுக்கும் கைக்கும் கேடு செய்வதாலும், வீட்டில் வைக்கும் டப்பாவுக்கு அது தகாது.

வைக்கும் இடம்

ஓட்டுக் கூரையின்கீழுள்ள மச்சு பகலில் மிகவும் காய்வதால் மெதுவான இரைகளுக்கு ஆகாது. அடுக்களையில் நீராவியும் புகையும் மிகுதி. தரையோரமும் மழைபடும் சுவரோரமும் ஈரம் ஊறும். வீட்டின் நடுவறையில், வெளிச்சுவரைத் தொடாத அலமாரியின் மேல்தட்டே தக்க இடம். அது பிள்ளைகளுக்கு எட்டாத உயரமாயிருப்பதும், பூட்டுள்ளதாயிருப்பதும் அவசியம். உரம், பூச்சிமருந்து, பாட்டரி நீர் இவை வைக்கும் அறையில் தூண்டில் பெட்டியை வைக்கலாகாது. அவற்றின் ஆவி உலோகத்தை அரிக்கும்.

மாதம் ஒருமுறை, நன்றாக வெயிலடிக்கும் நாளின் நண்பகலில் டப்பாக்களைத் திறந்து பார்க்கவேண்டும். மழை பெய்யும்போதோ அதிகாலையிலோ திறப்பது ஈரத்தை அழைத்து உள்ளே விடுவதாகும். துரு, பூஞ்சணம், பிசுபிசுப்பு ஆகியவற்றில் எதையேனும் ஓர் இரையில் கண்டால் அதை உடனே பிரித்தெடுத்து, உறிஞ்சும் பொட்டணத்தையும் மாற்றி மூடுக.

வாசகர்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனை

மேலே கூறிய பிரதான விதியில் ஐயமுள்ளவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே பொட்டணத்திலிருந்து ஆறு சாதாரண முட்களையும், மூடியுள்ள மூன்று சிறு கண்ணாடிச் சீசாக்களையும் எடுத்துக்கொள்க. எல்லா முட்களையும் சிறிது உப்பிட்ட நீரில் நனைக்கவும். முதல் சீசாவில் இரண்டு முட்களை ஈரத்தோடு இட்டு இறுக மூடவும். இரண்டாவதில் ஈரமான இரண்டு முட்களை இட்டு மூடாமல் வைக்கவும். மீதி இரண்டையும் நல்ல நீரில் அலசி, துடைத்து, ஒரு நாள் உலர்த்தி, வறுத்த அரிசி முடிச்சோடு மூன்றாவதில் இட்டு இறுக மூடவும். மூன்றையும் ஒரே தட்டில் வைத்து, நாள்தோறும் கண்டதைக் குறித்து வருக. பத்து நாள் கழித்து மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், டப்பாவை நம்புவதா, உலர்த்துதலை நம்புவதா என்பது தானே விளங்கும். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களை உடன் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் நல்ல பாடமாகும்.

மழைக்கால ஓய்வு மீனுக்கும் உரியது

தூண்டிலை மழைக்காலத்தில் கட்டிவைப்பதால் சாமானுக்கு மாத்திரமன்றி, குளத்துக்கும் நன்மை உண்டு. மழை பெய்து புதுநீர் ஏறும் பருவமே விரால் இனம் பெருகும் பருவம். விரால் மீன் செடிகளிடையே இடம் ஒதுக்கி முட்டையிட்டு, மிதக்கும் முட்டைகளையும், பொரித்தபின் சிவந்த குஞ்சுக் கூட்டத்தையும் விடாது காவல் காக்கும். அப்போது கூட்டத்தின் அருகே எது வந்தாலும், பசியில்லாவிட்டாலும், சினந்து பாயும். இதை அறிந்த சிலர் குஞ்சுக் கூட்டத்தின்மேல் தவளைப் போலியை எறிந்து, காவலிருக்கும் தாய்மீனை எளிதில் பிடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு மீனோடு அன்றைய குழம்பு முடிகிறது. காவலற்ற குஞ்சுகளோ மற்ற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 முடிய 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்படுவதை யாவரும் அறிவர். மீன்வளத்தைக் காப்பதே அதன் நோக்கம். நம் ஊர்க் குளத்துக்கு அத்தகைய ஓய்வை நாமே மனமுவந்து கொடுத்தால், மழைக்குப் பின் வரும் மாதங்களில் பலன் கிடைக்கும். மழைக்காலத்தில் பிடித்தே ஆகவேண்டுமென்போர், சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் கண்ட இடத்தையேனும் விலக்குவாராக.

இன்னொன்று. கெட்டுப்போன மெதுவான இரைகளைக் குளத்திலோ வயல் வரப்பிலோ எறிதல் பெரும் பிழை. அவை மக்குவதில்லை. மீன் விழுங்கினால் குடலில் தங்கும். கழற்றிய பழைய முட்களை வரப்பில் விட்டால் நடவு நடும் பெண்களின் காலிலும் உழவு மாட்டின் குளம்பிலும் தைக்கும். புல்லோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகும். அறுந்த நைலான் நரம்பு கோழியின் காலிலும் நீர்ப்பறவையின் கழுத்திலும் சுற்றும். பழைய முட்களை ஒரு தகரடப்பாவில் சேர்த்து, மூடியை நசுக்கி, பழைய இரும்பு வாங்குவோரிடம் சொல்லிக் கொடுத்துவிடுக.

மீண்டும் எடுக்கும்போது

மழை நின்று நீர் தெளிந்தபின், முதல் நாளிலேயே பெட்டியோடு குளக்கரைக்கு ஓடாமல், வீட்டிலிருந்தே ஒவ்வொன்றையும் பரிசோதிக்க வேண்டும். முள்ளின் கூர்மையை நகத்தின்மேல் மெல்ல வைத்துப் பார்க்க. வழுக்கினால் சிறு அரத்தால் கூராக்குக. இரையையும் முள்ளையும் இணைக்கும் வளையம் விரிந்திருந்தால் மாற்றுக. முட்களில் பூசிய எண்ணெயைத் துடைத்துவிடுக. தவளையை ஒரு வாளி நீரில் மிதக்கவிட்டுப் பார்த்தால், நிமிர்ந்து மிதக்கிறதா, நீர் குடிக்கிறதா என்பது தெரியும். நைலான் நரம்பை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்து, சொரசொரப்பானதையும் எளிதில் அறுவதையும் நீக்கிவிட வேண்டும். குளம் குத்தகையில் இருக்குமாயின் குத்தகைதாரரின் அனுமதியைப் பெற்றே தூண்டில் போடவேண்டும்.

இதுகாறும் கூறியவற்றின் சுருக்கம் வருமாறு:

1. மழை வலுக்குமுன் கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துக. தவளையின் உள்நீரைப் பிழிந்து தொங்கவிடுக.

2. வஸ்துவைப் பார்த்து இனம் பிரிக்க. மெதுவான பிளாஸ்டிக்கை அதன் பையிலேயே வைக்க.

3. எண்ணெய் முள்ளுக்கு மாத்திரம். ரப்பர்க் குஞ்சத்துக்குப் பவுடர்.

4. உலர்ந்த பின்னரே, ஈரம் உறிஞ்சும் பொட்டணத்தோடு மூடுக.

5. உள்ளறையில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்து, மாதம் ஒருமுறை வெயில் நாளில் திறந்து பார்க்க.

6. குஞ்சு காக்கும் விராலை விட்டுவிடுக. பழைய இரையையும் முள்ளையும் நரம்பையும் நீரிலும் வயலிலும் எறியற்க.

இவற்றுக்கு வேண்டிய சாமான்கள் பெரும்பாலும் வீட்டிலேயே உள்ளவை. செலவாவது இரண்டு நாள் உழைப்பும் சிறிது கவனமுமே. கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் விதையை எப்படிக் காக்கிறோமோ, அப்படியே தூண்டில் பெட்டியையும் காத்து வந்தால், ஒருமுறை வாங்கிய இரை பல பருவங்களுக்கு உதவும். குளத்திலும் மீன் குறைவின்றிப் பெருகியிருக்கும்.